சம்பந்தியைச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போனேன்

கல்யாணத்தை எந்த ஊரில் வைப்பது என்று எனக்கும் வருங்காலச் சம்பந்தி எவரிஸ்தோவுக்கும் மூன்று மாதமாக இழுபறி. அவர் வடக்கே மான்டெர்ரே பெருநகரத்துக்காரர். குளிரூட்டிய மண்டபம், ஐந்நூறு நாற்காலி, கார் நிறுத்தச் சீருடை போட்ட ஆள் என்று பட்டியல் வைத்திருந்தார். எனக்கு மரிசேலா ஒரே பெண். வெராக்ரூஸில் பிறந்தவள் வெராக்ரூஸ் கதீட்ரல் படியில்தான் மணக்கோலத்தில் இறங்க வேண்டும். அதைவிட்டு இறங்கிவர நான் தயாராக இல்லை.

நான் துணிக்கடைக்காரன், சந்தையில் வளர்ந்தவன். நல்ல சரக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன், விரித்துப் போட்டுவிடுவேன். ஆகவே, பேசி முடிக்க அவரும் மனைவி ஓத்திலியாவும் வந்திறங்கிய வியாழக்கிழமை மாலையே இருவரையும் சதுக்கத்துக்குக் கூட்டிப்போனேன்.

"ஏங்க, அங்கயாவது வாயை மூடிக்கிட்டு இருங்க," என்றாள் என் மனைவி அம்பாரோ.

"நான் எங்க பேசப்போறேன்? சதுக்கம் பேசும்."

"அதையும் பேச விடமாட்டீங்க."

வளைவுத் தாழ்வாரத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். எவரிஸ்தோ பனைமரங்களைப் பார்த்தார், கதீட்ரலைப் பார்த்தார்.

"இவ்ளோதானா சம்பந்தி? எங்க ஊர்ச் சதுக்கத்துக்குள்ள இது மாதிரி நாப்பது வைக்கலாம்."

"தாராளமா வைங்க. வச்சுட்டு, உள்ள நிக்க யாரைக் கூப்பிடுவீங்க?"

அரை டம்ளர் கறுப்புக் காப்பி வந்தது. பாலுக்காக அவர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார், யாரும் திரும்பவில்லை. நான் கரண்டியால் டம்ளரை இரண்டு தட்டுத் தட்டினேன். பால் கெட்டிலோடு ஆள் ஓடிவந்து, தலைக்கு மேலிருந்து ஊற்றி, நுரை விளிம்பில் நிற்கும்போது நிறுத்தினான்.

அதற்குள் மேடையில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஆட்டமான தான்சோனுக்கு வெள்ளைச் சட்டை ஆண்களும் விசிறி பிடித்த பெண்களும் ஜோடி சேர்ந்தார்கள். சட்டைகளில் பாதி என் கடைச் சரக்கு. மேடைத் தலைவர் பெர்னாபேயிடம் காலையிலேயே ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தேன்.

"கேளுங்க குடும்பமே!" என்றார் அவர் ஒலிபெருக்கியில். "இந்தத் தான்சோன், மான்டெர்ரேயிலிருந்து வந்திருக்கிற எவரிஸ்தோவுக்கும் ஓத்திலியாவுக்கும், கூட வந்திருக்கிற நண்பர்களுக்கும்!"

சதுக்கமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. எவரிஸ்தோ காலரைச் சரிசெய்துகொண்டார். சரக்கு பாதி விரிந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வைங்கம்மா," என்று ஓத்திலியாவிடம் சொன்னேன். "பல்லவி திரும்பி வரும்போதெல்லாம் அப்படியே நின்னுடணும். மேடையைப் பார்த்து விசிறிக்கிட்டு நிக்கணும். அது முடிஞ்சப்புறம்தான் காலை எடுக்கணும். எங்க ஊர்ல தவழற குழந்தைகூட இதுல தப்பாது."

அம்பாரோவின் விசிறியை வாங்கிக்கொண்டு ஓத்திலியா என்னோடு ஆடினார். எவரிஸ்தோவை அம்பாரோ பார்த்துக்கொண்டாள். நான்கு அடி ஆடியதும் எனக்கு நாக்கு அரித்தது.

"அந்தக் கதீட்ரல் வாசலைப் பாருங்கம்மா. பொண்ணு மாப்பிள்ளை படியிறங்கினா நேரா இங்கதான். கார் எதுக்கு? மண்டபம் எதுக்கு? இந்த மரத்தடியிலதான் முதல் ஆட்டம்..."

அவர் கை என் கையிலிருந்து நழுவியது. கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். மனசுக்குள் மகளைப் படியிறக்கி மரத்தடிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த எனக்குக் கால் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாவது அடியில்தான் திரும்பினேன். நூறு ஜோடியும் மேடையைப் பார்த்து அசையாமல் நிற்க, நடுவில் நான் மட்டும் வெறுங்கையோடு ஆடிக்கொண்டிருந்தேன். ஓத்திலியா இலக்கணமாக நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் ஒரு கரண்டி டம்ளரைத் தட்டியது. பிறகு பத்து, பிறகு எல்லாக் கரண்டிகளும்.

"நிகானோர் அண்ணே, பிரேக் போயிடுச்சா?" என்றான் ஐஸ்காரன்.

"நான் போட்ட பாலிஷ்தான் வழுக்கிருச்சு, மன்னிச்சிருங்க!" என்றார் செருப்புக்குப் பாலிஷ் போடுகிறவர்.

மாம்பழக்காரி ரொமுவால்தா விடுவாளா? "துணி அளக்கும்போது மட்டும் கரெக்டா நிறுத்துவாரு, ஒரு விரக்கடை முன்னாடியே!"

"அடுத்த தான்சோன்," என்றார் பெர்னாபே, "நிக்கத் தெரியாத நம்ம நிகானோருக்கு!"

மேசைக்குத் திரும்பினேன். கல்யாணம் மான்டெர்ரேக்கு ரயிலேறிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அம்பாரோ என் காப்பி டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

எவரிஸ்தோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மெல்லச் சிரிப்பு அடங்கியது.

"இத்தனை பேருக்கும் உங்க பேர் தெரியுமா சம்பந்தி?"

"பேர் மட்டுமா? கேட்டீங்கல்ல, என் அளவுகோல்கூடத் தெரியும்."

"போன வருஷம் எங்க சதுக்கத்துல தடுக்கி விழுந்தேன். நல்ல கூட்டம். ஒருத்தர் சிரிக்கல. நானா எழுந்து, நானா தட்டிவிட்டுக்கிட்டு, வீட்டுக்குப் போய் நானே இவகிட்ட சொன்னேன்." மனைவியைப் பார்த்தார். ஓத்திலியா விசிறியை மூடித் தலையசைத்தார். "மண்டபத்துக்கு ஐந்நூறு பேரை நான் வருந்தி வருந்தி அழைக்கணும். இங்க அழைக்காமலே நிக்கிறாங்க. கல்யாணம் இங்கயே நடக்கட்டும். ஆனா ஒண்ணு, நீங்க ஆடக் கூடாது."

உயிர் வந்தது. உயிரோடு பேரமும் வந்தது.

"பொண்ணைப் பெத்தவன் ஆடாம கல்யாணமா? மூணு ஆட்டம்."

"ஒண்ணுகூடக் கிடையாது."

"சரி, ரெண்டு."

"ஒண்ணு," என்றார் ஓத்திலியா. "என்கூட. வாயைத் திறக்கக் கூடாது."

படிந்தது. எவரிஸ்தோ இன்னொரு காப்பி சொன்னார். அரை டம்ளர் வந்ததும் கரண்டியை எடுத்து, விளிம்பில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். எட்டு மேசை தள்ளி நின்ற பால்காரன், வழியில் தட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் தாண்டி, நேராக அவரிடம் வந்தான்.