சிட்டுவுக்கு ஒரு சறுக்குமரம்

வலது தோள்பட்டை காலையிலேயே மக்கர் பண்ணியது. சட்டையின் இடது கை சுலபமாக நுழைந்துவிட்டது. வலது கையை நுழைக்க அவன் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முந்தின நாள் பலகை பிரித்த வலி. தளம் போட்டு காங்கிரீட் இறுகிய பிறகு, அதைத் தாங்கி நின்ற பலகைகளைத் தலைக்கு மேல் கடப்பாரையால் நெம்பி நெம்பி இறக்க வேண்டும். இளவட்டங்கள் செய்ய வேண்டிய வேலை. இளவட்டங்கள் அன்று போனும் கையுமாக நின்றதால் இவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "தள்ளுங்கடா, நாங்கெல்லாம் உங்க வயசுல..." என்று ஆரம்பித்தான். முடித்தபோது தோள் போயிருந்தது.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பெண்டாட்டியின் அண்ணன், இவனுக்கு மச்சான். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அவருடையது. சாமான் ஏற்ற இடம் வேண்டும் என்று பின்சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்ன மாப்ள, சட்டை போடறதுக்குக்கூட ஆள் வைக்கணுமா?"

"வண்டியை எடுங்க மச்சான். ஞாயித்துக்கிழமை காலையில ஊரைக் கூட்டாதீங்க."

இரண்டு வருடமாக இவன் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் மச்சான் வீட்டில்தான் இருந்தார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. சென்ட்ரிங் வேலைக்காரனுக்குக் கட்டிடம் முடிந்தால் வேறு கட்டிடம், வேறு தகரக் கொட்டகை. சிமெண்டுத் தூசியில் பெரியவனுக்கு இழுப்பு வந்து ஒரு தடவை உதடு நீலமாகிவிட்டது. அவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். "ஒரு வீடுன்னு பாருங்க, வரேன்" என்றுதான் போனாள். வீடு பார்க்க இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது பார்த்தாயிற்று. இரண்டு அறை, பின்னால் மதில் சுவர் வைத்த ஒரு காலி இடம். அந்த இடத்துக்காகத்தான் அந்த வீட்டைப் பிடித்தான்.

இடையில் சின்னவள் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். அதில்தான் வம்பு. மச்சானுக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்கள் மச்சானை அப்பா என்றார்கள். அத்தை புருஷனான இவனை, முறைப்படி, மாமா என்றார்கள். சிட்டு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தச் சின்னவளுக்கு முறை ஏது, உறவு ஏது? பெரிய பிள்ளைகள் எதைச் சொன்னார்களோ அதையே பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மாமாதான் அப்பா. மாதத்துக்கு ஒரு தடவை பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து போகிற அப்பா, மாமா. முதல் தடவை எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவனும் சிரித்தான். அன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

வீடு பார்த்தாயிற்று என்று சொன்னபோது பெண்டாட்டி உடனே பெட்டியைக் கட்டவில்லை.

"பெரியவன் வந்துருவான். சிட்டுதாங்க. புது இடம், ராத்திரி அண்ணனைத் தேடி அழுதா நீங்க என்ன பண்ணுவீங்க? ஒரு நாள் முழுக்க உங்க வீட்டுல அழாம இருக்கட்டும். அன்னைக்கே நான் பெட்டியோட வரேன்."

நியாயமான பேச்சு. அதனால்தான் ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்த மரச் செட்டு ஒன்று வாங்கிப் பின்னால் நட்டுவிடுவது என்று முடிவு செய்தான். ஒரு பிள்ளையை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைக்க அவனுக்குத் தெரிந்தது மரம்தான்.

கடை ஊருக்கு வெளியே, மரச்சாமான் கடை ஒன்றின் பின்புறம். மணல் பரப்பி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவன் நேரே போனது உயரமான ஒன்றிடம். நாலு தடித்த கால்கள், மேலே கோபுரம் மாதிரி ஒரு தட்டு, அதற்குக் கூரை, ஏறிப் போகக் கயிற்று ஏணி, ஒரு பக்கம் பிடித்து ஏறும் சுவர், மறு பக்கம் நீளமான சறுக்கு. கட்டைவிரலால் ஓரங்களைத் தடவினான். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டான். ஊஞ்சல் உத்தரத்தை இடது கையால் பிடித்துத் தொங்கினான். ஆடவில்லை, முனகவில்லை.

"மச்சான், இங்க வாங்க. இதுல பாருங்க, கணு ஒண்ணு இல்ல. போல்ட்டெல்லாம் உள்ள அடங்கி இருக்கு. வேலைன்னா இது வேலை."

மச்சான் வரவில்லை. அவர் குட்டையான ஒன்றின் ஊஞ்சலில் உட்கார்ந்து, முழங்கால் தாடையில் இடிக்க ஆடிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எந்திரிங்க. சங்கிலி அறுந்தா அதை நம்ம தலையில கட்டிருவாங்க."

"என்னைத் தாங்கினா எதையும் தாங்கும்ல மாப்ள, அதான் பாக்கறேன்."

கடைப் பெண் கையில் விலைச்சீட்டோடு வந்தாள். "எத்தனை வயசுப் பிள்ளைங்களுக்கு சார்?"

"ஆறும் மூணும்" என்று சொல்ல இவன் வாயெடுத்தான். அதற்குள் மச்சான் சொல்லிவிட்டார்: "பெரியவனுக்கு ஏழு ஆகப்போகுது. சின்னதுக்கு நாலு முடிஞ்சிருச்சு."

"ஏறி விளையாடுவாங்களா? பயம் கியம் உண்டா?"

"பெரியவனுக்கு உசரம்னா கால் நடுங்கும்மா. வாய விட்டுச் சொல்ல மாட்டான், வயித்து வலின்னுவான். எத்தனை நாள் நான் ஏமாந்திருக்கேன்! சின்னவ அப்படியே நேர்மாறு. சறுக்குல தலைகீழாத்தான் வருவா. ஆனா கொஞ்ச நேரம் ஆடினா போதும், அப்புறம் எதுக்காச்சும் அடியில போய் ஒளிஞ்சு உக்காரணும். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியிலதான் அவ குடித்தனமே."

கடைப் பெண் சிரித்தாள். "அப்பான்னா இப்படில்ல சார் இருக்கணும். இங்க வர்ற பாதிப் பேருக்குப் பிள்ளை எந்தக் கிளாஸ்னே தெரியாது." பிறகு இவன் பக்கம் திரும்பினாள். "நீங்க மரம் பாத்துச் சொல்ல வந்தீங்களாண்ணா?"

மச்சான் ஊஞ்சலை விட்டு எழுந்துவிட்டார். "ஐயையோ, இல்லம்மா. அப்பா இவருதான். நான் வெறும் வண்டிக்காரன்."

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதனால என்னம்மா" என்றான் இவன். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு காலில் விரிசல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தான். விரிசல் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இது வருஷக்கணக்கா நிக்கும் மச்சான்" என்றான் உயரமானதைக் காட்டி.

"நிக்கும். உன் மகனும் கீழயே நிப்பான்."

குட்டையானதைச் சுற்றி வந்தான். கால்கள் மெலிசு. மேலே போக அகலமான படிகள். சறுக்கும் சின்னதுதான். தட்டுக்கு அடியில் பலகை அடைத்து ஒரு ஜன்னல் வெட்டிய குட்டி வீடு. ஒரு பிள்ளை உள்ளே போய்க் காலை மடக்கி உட்காரலாம். மரத்தைப் பார்த்தால் உயரமானதுதான். பிள்ளைகளைப் பார்த்தால் இது. அவனுக்கு மரத்தைத்தான் தெரிந்திருந்தது.

"இதையே போடும்மா" என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, "படிக்குக் கைப்பிடி இல்ல. அதை நான் அடிச்சுக்கறேன்" என்றான்.

செட்டோடு வந்த தாளில் முதல் வரியே, இரண்டு பெரியவர்கள் சேர்ந்து பூட்டவும் என்று இருந்தது. அந்த வாரம் வேலை விட்டு வந்து தினமும் அவன் ஒற்றை ஆளாகப் பூட்டினான். உத்தரத்தின் ஒரு முனையைத் தூக்கிக் காலில் பொருத்தினால் மறு முனை மண்ணில் இறங்கியது. கடைசியில் ஒரு முனைக்கு முட்டுக் கொடுத்து, மறு முனையைத் தலையில் தாங்கிக்கொண்டு, குருட்டாம்போக்கில் போல்ட்டைத் திருகினான். "சரியா இருக்கா?" என்று வாய் தானாகக் கேட்டது. வேலையிடத்துப் பழக்கம். அங்கே கீழேயிருந்து யாராவது ஒருவன் "இன்னும் ஒரு விரக்கடை மேல ஏத்து" என்று கத்துவான். இங்கே மதில் சுவர்தான் நின்றது. எல்லாம் முடிந்த பிறகு, வேலையிடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த நல்ல பலகையை இழைத்து, படியின் ஓரத்தில் கைப்பிடியாக அடித்தான். செட்டிலேயே அதுதான் அழகாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மச்சான் மூன்று பேரையும் வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டார். சாயங்காலம் வருகிறேன் என்றார். வேண்டுமென்றேதான் போனார் என்பது இவனுக்குத் தெரியும்.

அவள் நேரே சமையலறைக்குப் போய் அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். "ஒரே ஒரு தட்டுதான் இருக்கு?"

"ஒருத்தன்தானே இருக்கேன்."

அவள் அலமாரியைச் சாத்தினாள். ஆனால் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தபோது அவள் முகம் மாறியது. பெரியவன் படியில் ஏறிக்கொண்டிருந்தான். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான், ஆனால் ஏறினான். மேலே போய் நின்று, "அம்மா, வயிறு வலிக்கல" என்று கத்தினான்.

சிட்டு தலைகீழாகச் சறுக்கினாள். மச்சான் சொன்னது அட்சரம் பிசகவில்லை. கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்க் குட்டி வீட்டுக்குள் புகுந்துகொண்டாள். ஜன்னல் வழியாக ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"மாமா, இது யாரு வீடு?"

"உன் வீடுதான்."

"நீயும் உள்ள வா மாமா."

அவன் மண்டியிட்டு நுழையப் பார்த்தான். தலை போனது, தோள் போகவில்லை. கழுத்து வரை உள்ளேயும் மிச்சம் வெளியேயுமாகக் கிடந்தான். சிட்டு கைகொட்டிச் சிரித்தாள். "மாமா குண்டு! மாமா குண்டு!" பின்னால் பெண்டாட்டியும் சிரிக்கிற சத்தம் கேட்டது. தோள் வலித்தது. வலிக்கட்டும் என்று அப்படியே கிடந்தான்.

மத்தியானம் சாப்பிட்டார்கள். தட்டு போதாததால் சட்டியில் பிசைந்து அவள் எல்லோருக்கும் உருட்டிக் கொடுத்தாள். சிட்டு அழவில்லை. வெயில் சாய்ந்தது. அவன் மனதுக்குள் பெட்டியை எங்கே வைப்பது என்று இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் வீல் என்று சத்தம் வந்தது.

படியில் ஓடி ஏறிய சிட்டுவின் முன்கை கைப்பிடிப் பலகையில் உரசியிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நீளமாக ஒரு கீறல். ரத்தம் பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்த்தது. அவன் பலகையைப் பார்த்தான். ஆணிகள் முழுக்க இறங்கவில்லை. ஒவ்வொன்றின் தலையும் வெளியே நின்றது. சென்ட்ரிங்கில் அப்படித்தான் அடிப்பார்கள். நாளைக்குப் பிடுங்க வேண்டிய பலகை, தலையை வெளியே விட்டால்தான் கடப்பாரைக்குப் பிடி கிடைக்கும். இத்தனை வருடத்தில் கை வேறு விதமாக அடித்ததே இல்லை. இங்கேயும் அது தன் போக்கில் அடித்திருக்கிறது. மண்டை அதைக் கவனிக்கவே இல்லை.

"அப்பா! அப்பா!" சிட்டு அலறினாள்.

அவன் ஓடிப் போய்த் தூக்கினான். "இதோ அப்பா இருக்கேன்டா, இதோ."

அவள் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். "நீ மாமா! எனக்கு அப்பா வேணும்!"

"ஏய் லூசு, அப்பா இவருதான்" என்றான் பெரியவன். அது இன்னும் மோசமாயிற்று. அவள் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வாசல் பக்கம் கையை நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். கழுவி, துணி சுற்றி, மடியில் போட்டு ஆட்டினாள். அழுகை நிற்கவில்லை. கை வலிக்காக அழுதது எப்போதோ முடிந்து, இப்போது அது வேறு அழுகையாகியிருந்தது.

"அண்ணனுக்குப் போன் போடுங்க" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மச்சான் வந்தார். சிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டதும் வாயை மூடினாள். குழாயை மூடின மாதிரி நின்றது. அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டே பின்பக்கம் போய்ப் பலகையைப் பார்த்தார். ஒரு ஆணித் தலையை விரலால் நிமிண்டினார்.

"என்ன மாப்ள, கழட்டறதுக்குன்னே அடிச்சு வெச்சிருக்க?"

விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை. "சரி விடு, புது ஆணி, துரு இல்ல. அவளுக்கு இது கொசுக்கடி. அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன். நான் வெளியூருக்குப் போயிட்டேன்னு சொல்லிடறேன், போன் போட்டாலும் எடுக்க மாட்டேன்."

வேனில் ஏறும்போது பெண்டாட்டி சொன்னாள்: "இன்னைக்கு வேணாங்க. அதுக்குள்ள நாலு தட்டு வாங்கி வைங்க." வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பெரியவன் கையாட்டினான். சிட்டு மச்சான் தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள். அவளை எழுப்பாமல் சீட்டில் கிடத்த அவர் பட்ட பாட்டை இவன் கதவோரம் நின்று பார்த்தான். ஒரு கையால் கழுத்தைத் தாங்கி, மறு கையால் செருப்பைக் கழற்றி, முடியை ஒதுக்கிவிட்டு. அது பழகின கை.

மச்சான் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஏதோ கேட்கக் காத்திருக்கிறவர் போலக் கொஞ்சம் நின்றார். "என்ன மாப்ள?"

"ஒண்ணுமில்ல மச்சான். பாத்துப் போங்க."

வேன் போயிற்று. அவன் சுத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். வலது கை ஓங்க மறுத்தது. இடது கையால் அடித்தான். ஒவ்வொரு ஆணியும் மரத்துக்குள் போய்த் தலை மறைகிறவரை அடித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜன்னலைச் சாத்தினார்.

இரண்டு வருடம் அவன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பெரியவனுக்கு மறுபடி இழுப்பு வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடி, அப்பா என்று கூப்பிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்த மனிதருக்கு அவன் ஒரு நன்றி சொல்லக் கடன்பட்டிருந்தான். இன்றும் அதைச் சொல்லவில்லை.