வெள்ளிக்கிழமைக்குள் மூன்று கையெழுத்து

பேராசிரியர் கோவிந்தராஜுலு ஒரே ஒரு பொத்தானை அழுத்தி மூன்று ஊர்க் கணினிகளைச் சும்மா உட்கார வைத்துவிட்டார். அதுவும் கோயமுத்தூரில், நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டிருந்த மேடையில், தன் கண்டுபிடிப்பு எவ்வளவு பத்திரமானது என்று விளக்கிக்கொண்டிருந்த நிமிடத்தில்.

கண்டுபிடிப்பு என்பது அவர் ஆசைக்குச் சொல்வது. உள்ளபடி அது அறுபத்திரண்டு பக்க விதித்தொகுப்பு. கோபிசெட்டிபாளையத்துக் கல்லூரிக் கணினிகளுக்கு ஒரு வகைக் கட்டளை, கிணத்துக்கடவு பம்ப் ஆய்வுக்கூடத்துக்கு வேறொன்று, தொண்டாமுத்தூர் வன ஆய்வு மையத்துக்கு இன்னொன்று என்று இருந்தது. மூன்றையும் கிரிட் என்ற ஒரே கணினி வலையாக இணைத்து, நிரலை ஒரு தடவை எழுதினால் எங்கே கணினி காலியோ அங்கே ஓடட்டும் என்று அவர் ஒரு பொது இடைமுகம் வகுத்தார். ஐந்து வருட உழைப்பு. தொகுப்பில் பக்கம் கூடக் கூட அவர் தலையில் முடி குறைந்தது.

அன்று மேடையில் தன் சோதனை வேலையை நிறுத்திக் காட்ட நினைத்தவர், அந்த வேலையின் பெயரை அடிக்க மறந்தார். பெயர் இல்லாவிட்டால் எல்லா வேலைகளையும் நிறுத்து என்று பொருள். நாலாம் பிரிவில் அப்படி எழுதியவரும் அவரே. எழுதியபோது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. செயல்விளக்கத்துக்காக மூன்று ஊர்க்காரர்களும் மரியாதைக்குத் தங்கள் கணினிகளில் ஓடும் எல்லா வேலைகள் மேலும் அவர் கையில் முழு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். திரையில் ‘நிறுத்தப்பட்டது’ என்று வரிசையாக விழ, முன்வரிசையில் நாலு பேர் கைதட்டினார்கள்.

தொண்டாமுத்தூர் டெய்சி தட்டவில்லை. அடிவாரத்தில் பதித்த கருவிகளின் பதிவைக் கொண்டு, யானைகள் எந்த வழியாகத் தோட்டங்களுக்குள் இறங்கும் என்று சொல்லும் அவளுடைய கணக்கு பதினோரு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. முடிய ஒரு நாள் பாக்கி. அவரிடம் வந்து, “பரவாலீங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை சென்னையில் தரநிலைக் குழு கூடுகிறது. ‘இந்த இடைமுகத்தை நாங்கள் பயன்படுத்துவோம்’ என்று மூன்று இடங்களிலிருந்து கையெழுத்துக் கடிதம் வராவிட்டால் தொகுப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். கோவிந்தராஜுலு பயப்படவில்லை. இடைமுகத்தை ஊர் ஊராகப் பரப்ப அவர் போட்டிருந்த திட்ட அட்டவணையில் மூன்று ஊருக்கும் நேரே பச்சை. வாய்மொழி ஒப்புதல் என்று பக்கத்திலேயே குறிப்பு.

செவ்வாய்க்கிழமை கோபிக்குப் போனார். கல்லூரிக் கணினி மையத்தைப் பார்த்துக்கொள்ளும் நஞ்சுண்டன் வாசலுக்கே வந்து அழைத்துப்போய், இட்லியும் காப்பியும் வரவழைத்துவிட்டு, “ஏனுங்க சார், நீங்க கேட்டு நாங்க இல்லீன்னு சொல்லுவமுங்களா?” என்றார். கடிதம் மட்டும் கல்லூரி முதல்வர் ஊரிலிருந்து வந்ததும்தானாம். கிளம்பும்போது காரில் ஒரு கதலித் தார் ஏறியது. கிணத்துக்கடவில் பம்ப் ஆய்வுக்கூடத்துச் சுரேந்தர் தொகுப்பை வாய் வலிக்கப் புகழ்ந்தார், செஞ்சுபோடலாமுங்க என்றார், ஆனால் பெயர் அச்சிட்ட கடிதத்தாள் தீர்ந்துபோயிருந்தது. பதினைந்து தேங்காய் கொடுத்தார். டிக்கி நிரம்பியது. கோப்பில் ஒரு தாளும் இல்லை.

பொள்ளாச்சி ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, இத்தனை நாள் பார்க்கத் தோன்றாத ஒன்றை மடிக்கணினியில் திறந்து பார்த்தார். இணைப்பு வந்த பதினான்கு மாதத்தில் அவருடைய இடைமுகம் வழியாக மூன்று ஊருக்கும் போன வேலைகள் ஒன்பது. ஒன்பதையும் அனுப்பியவர் கோவிந்தராஜுலு. அட்டவணைப் பச்சையெல்லாம் அவர்கள் உபசாரத்துக்குச் சொன்னது என்று தெரிந்துகொள்ள ஒரு பேராசிரியருக்கு ஐந்து வருடமாகியிருக்கிறது.

மறுநாள் காலை தொண்டாமுத்தூரில் டெய்சி எழுந்து நாற்காலி போட்டாள். கணக்கை முதலிலிருந்து ஓடவிட்டிருந்தாள். முடிய இன்னும் எட்டு நாள் ஆகும். முந்தாநாள் இரவு நரசீபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் யானை இறங்கி, காவலுக்குப் படுத்திருந்தவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதை, கோவிந்தராஜுலு கேட்ட பிறகுதான் சொன்னாள். கணக்கு முடிந்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமா என்று கேட்டார். அவள் டீ சொல்லி அனுப்பினாள்.

கையெழுத்துக்காக எழுதிக் கொண்டுவந்த கடித வரைவை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“அம்மணி, நேத்து ரெண்டு ஊர்ல நல்லாச் சாப்பிட்டேன். பரவாலீங்கன்னு நீயும் சொல்லீறாத. என் முகத்துக்காகப் பார்க்க வேண்டாம். இந்த இடைமுகத்தை நீ உபயோகிப்பியா, மாட்டியா?”

டெய்சி மேசையில் இருந்த பேனாவை மூடி வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“மாட்டேனுங்க சார். அந்த நாலாம் பிரிவைப் படிச்ச அன்னிக்கே எனக்குப் பயமுங்க. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு, ரொம்ப நல்லா இருக்குதுங்கன்னு கருத்து எழுதிப்போட்டேன். நஞ்சுண்டன் சாரும் அப்படித்தானுங்க, சுரேந்தரும் அப்படித்தான். நாங்க மூணு பேரும் பேசிக்குவோம், உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டோம். அது எங்க தப்பு. ஆனா அந்த விதி உங்க தப்புங்க. அதை மாத்துங்க, மாத்துனதும் முதல்ல எனக்கு அனுப்புங்க, வரிக்கு வரி குத்தம் சொல்லித் தர்றேன். வெள்ளிக்கிழமைக்கு என் கையெழுத்து கிடைக்காதுங்க.”