வலை காயும் வரை

வாங்குகிறவர்கள் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாவும் மகளும் காலையிலிருந்து வண்டிக்குள்தான் கிடந்தார்கள். வண்டி என்றால் சும்மா வண்டியா? கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வேன். அப்பா ஓய்வுபெற்ற கையோடு ஆசை ஆசையாக வாங்கியது. அவர் போய் ஏழு மாதமாகிறது.

மகள் ஜன்னல் திரையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கதவின் கொசுவலையைச் சோப்புத் தண்ணீர் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். அழுத்தித் தேய்த்தால் வலை தொய்ந்துவிடுமாம். அது அவர் போட்ட சட்டம். மனுஷர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

"எத்தனை வருஷ வலைம்மா, ஒரு பூஞ்சை இல்ல பாரேன்," என்றாள் மகள். "ஈரத்தோட சுருட்டவே விடமாட்டாரே அப்பா. இதுவும் நல்லா காயட்டும்."

அம்மாவின் கை நின்றது. ஏழு மாதமாக நெஞ்சில் தைத்திருந்த முள். இதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அன்னிக்கும் காயட்டும்னுதான் சொன்னாரு."

"என்னிக்கு?"

"கடைசி நாள். வெளியூர்ல வண்டிய நிறுத்தியிருந்தோம். வலையத் துடைச்சு முடிச்சப்போ நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாரு. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். வெறும் வாயுடி, சுருட்டாம ஓட்டினா வலை ஆட்டத்துல கிழிஞ்சிடும், காஞ்சதும் போலாம், ஒரு மணி நேரத்துல குடியா முழுகிடப் போவுதுன்னாரு. நானும் கேட்டுட்டேன். சீக்கிரம் காயட்டும்னு விசிறிய எடுத்து வீசிட்டிருந்தேன்டி. வலைக்கு வீசினேன், அவருக்கு வீசல."

குடிதான் முழுகியது. வலை காய்ந்தபின் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர், பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்மேல் சாய்ந்தார். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னதை அம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை. திடீரென்று போய்விட்டார் என்றே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

மகள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். திட்டுவாள், அழுவாள், கட்டிக்கொள்வாள். எதற்கும் அம்மா தயாராக இருந்தாள்.

"இத ஏம்மா எங்கிட்ட சொன்னே?" என்றாள். "அப்பா வலியே தெரியாம போனாருன்னு நெனச்சுத்தாம்மா நான் தூங்கிட்டிருக்கேன்."

வெளியே கார் வந்து நின்றது. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அம்மா வண்டிக்குள்ளேயே இருந்தாள்.

இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க, ஏன் விக்கிறீங்க என்று வந்த பெண் கேட்பது உள்ளே கேட்டது.

"அப்பா தவறிட்டாரு," என்றாள் மகள். "திடீர்னுதான். கஷ்டப்படல."