ஒன்பதாவது பாட்டின் மூச்சு

என் பழைய பாட்டுகள் ஒன்பதிலிருந்தும் வாத்தியங்களை இறக்கிக்கொண்டிருந்தோம். வெறும் குரலாக ஒரு ஆல்பம். வெள்ளிக்கிழமை வெளியீடு. இறக்கிய வாத்தியங்கள் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தன. ஒவ்வொன்று உட்காரும்போதும் நடைவழி கொஞ்சம் நீண்டது.

ஏழு வயலின்களும் தண்ணீர் கேட்டன. கொடுத்தேன்.

ஒலிப்பதிவு செய்யும் ஜெபஸ்டின் தலையை நீட்டினான்.

"அக்கா, அந்த மிருதங்கத்தைத் தள்ளி உக்காரச் சொல்லுங்க. மூணு பேர் எடத்தை அடைச்சிருக்கு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா மொறைக்குது."

எட்டுப் பாட்டு முடிந்தது. ஒன்பதாவதில் அவன் கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"எல்லாம் காலி. ஆனா நீங்க பாடுறதுக்கு முன்னாடி உள்ளே யாரோ மூச்சு இழுக்குறாங்க. உங்க மூச்சு இல்ல."

எனக்குத் தெரியும். அது என் தங்கை அஞ்சுகத்தின் மூச்சு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாட்டை என்னோடு சேர்ந்து பாடினாள். அவள் சுருதி கொஞ்சம் இறங்கியது. அவள் குரலை வெட்டச் சொன்னவள் நான்தான். அவளிடம் சொல்லவில்லை. கேசட் வந்ததும் ஐந்து தடவை போட்டுக் கேட்டாள்.

"நான் எங்கேக்கா?"

"வயலினுக்கு அடியில இருக்கேடி. நல்லாக் கேளு."

சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடைவழியின் கடைசியில், ஒற்றைக் குரல் ஆல்பங்களைச் சரிபார்த்து முத்திரை குத்தும் பிரிவு இருந்தது. போய்ச் சேர அரை நாள் ஆயிற்று. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மாள் நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த ஃபாரத்தைப் புரட்டினார்.

"பாட்டுல எத்தனை பேர்?"

"ஒருத்திதான்."

"மூச்சு?"

"ரெண்டு."

"ஒண்ணு வெளியே வரணும்மா. ஒத்தக் குரல்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அது செத்துப்போன என் தங்கச்சிது."

"உசிரோட இருந்தா அவங்களே வந்து எடுத்துக்குவாங்க. எங்களுக்கு வேலை மிச்சம்."

"வெளியே வந்தா பெஞ்சுல உக்காருமா?"

"மூச்சு எங்கம்மா உக்காரும்? தீந்துரும்."

அவளுடையது என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஃபாரத்தைத் திரும்பப் படித்தேன்.

"யாரை எடுக்கணும்னு இதுல போடலையே?"

"ஒருத்தர்னு போட்டிருக்கு. பேரை நீங்கதான் எழுதணும்."

செங்கமலம் என்று எழுதினேன். அது என் பெயர். அந்த அம்மாள் முத்திரை குத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

பயப்படாதீர்கள், வலிக்கவில்லை. தொண்டை லேசானது, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது மிருதங்கம் தானாகவே தள்ளி உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜெபஸ்டின் ஓடி வந்தான்.

"என்னக்கா இது? ஒன்பதாவது பாட்டுல நீங்களே இல்ல. ரிலீஸ் பண்றதா வேண்டாமா?"

பண்ணு என்று தலையாட்டினேன். அவள் இருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்துவிட்டது. கேட்கிற கண்ணுகளா, ஒன்பதாவது பாட்டில் ஒன்றுமே கேட்கவில்லையே என்று அணைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் இனி யாரும் அவளுக்கு மேல் பாடப்போவதில்லை. அஞ்சுகம் பாடுவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறாள்.

இன்னும் விடவில்லை.