வலது கால்

முதியோர் இல்லத்தின் சமையல்கட்டுக்குப் பின்னால், துவைக்கும் கல்லுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பதினொரு கிழவர்கள் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இல்லத்து ஆயா தபீதாள் மணைப்பலகையில் குந்தியிருந்தாள். ஒவ்வொரு காலாக வெந்நீர் வாளிக்குள் இழுத்து வைத்து, ஊறியதும் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, பீர்க்கங்காய் நாரால் குதிகால் வெடிப்புகளைத் தேய்த்தாள். நகவெட்டி இந்த நகங்களில் இறங்காது. செடி வெட்டுகிற சின்னக் கத்தரியை வைத்திருந்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு துண்டு தெறித்துப் போய்ச் சுவரில் பட்டது.

அன்று பெரிய வியாழன், இயேசு தன் சீடர்களின் கால்களைக் கழுவிய நாள். மாலை ஆறு மணிக்கு ஜெபக்கூடத்தில் போதகர் ஞானசிகாமணி பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். வருடா வருடம் நடப்பதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படியே உட்கார வைத்துவிட்டார்கள். நான்காவது ஆளுக்கு வரும்போதே தொட்டித் தண்ணீர் கறுத்துவிட்டது. படத்திலும் அது விழுந்தது. அதிலிருந்து, போதகர் கழுவப்போகிற கால்களை மூன்றரை மணிக்குள் தபீதாள் கழுவிவிட வேண்டும் என்று வார்டன் ஜான்சி சொல்லியிருந்தாள்.

போதகர் கழுவுவது ஆளுக்கு ஒரு கால், வலது கால் மட்டும். இரண்டையும் கழுவினால் ஆராதனை நீண்டுவிடும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்தது. தபீதாள் இரண்டையும் கழுவினாள்.

ஜான்சி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் கணுக்கால் வீங்கியிருந்தது. பிப்ரவரியிலிருந்து ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

"தபீதா, குமரேசன் தாத்தாவுக்கு வயித்தால போகுது. அவரை உட்கார வைக்க முடியாது. சவுரிமுத்துவ ரெடி பண்ணு."

தபீதாளின் கை வாளியிலேயே நின்றது.

"அவருக்கு முட்டி வலி மேடம்."

"உட்காரத்தானே போறாரு? ட்ரஸ்ட்ல இருந்து எல்லாரும் வர்றாங்க. வெள்ளைத் தாடி, பாக்க அப்போஸ்தலர் மாதிரியே இருக்கார். ரெடி பண்ணும்மா, டைம் இல்ல."

ஜான்சி போய்விட்டாள்.

சவுரிமுத்துவின் இடது காலில் புண் இருந்தது. அது தபீதாளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். சாம்பல் புதன் அன்று குளியலறையில் தண்ணீர் போகிற துளையின் சல்லடைக் கம்பி சுண்டுவிரலுக்குக் கீழே குத்திவிட்டது. சர்க்கரை உடம்பு, அவருக்கு வலிக்கவே இல்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தபீதாளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை, மற்றவர்கள் சாப்பிடப் போனபின், உப்புநீரில் கழுவிப் பழைய வேட்டித்துணியைக் கொதிக்கவைத்துக் கட்டினாள். முதலில் மிளகளவு இருந்த ஓட்டை இப்போது கட்டைவிரல் போகிற அகலத்துக்கு ஆகிவிட்டது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அதற்கு மேல் தன் கையில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை இலவச முகாமுக்கு ஒரு டாக்டர் வருவார். அவர் காலைப் பிடித்தாவது இங்கேயே வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

இல்லத்தில் நர்ஸ் கிடையாது. ஆறாத புண் உள்ளவர்களையும் படுத்த படுக்கையானவர்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. தை மாதம் இங்கிருந்த பொன்னுரங்கத்துக்கு முதுகில் புண் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஒரு தாளில் ரேகை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கூட இருக்க ஆளில்லை. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அந்த ஞாயிறு ஜெபத்தில் போதகர் பொன்னுரங்கத்தின் பெயரைச் சொல்லி அழுதார். உண்மையாகவே அழுதார்.

சவுரிமுத்து கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் நாற்பது வருடம் மூட்டை தூக்கினவர், கத்தோலிக்கர்.

"நைனா, கெளம்பு. உன்னியும் சேத்துட்டாங்க."

"எதுல?"

"கால் கழுவுறதுல."

அவர் சிரித்தார். "எங்க கோயில்ல சாமியாரு காலுக்கு முத்தமே குடுப்பாரு. உங்காளு குடுப்பாரா?"

"காலு கீற லட்சணத்துக்கு முத்தம் வேணுமா? வலது கால மட்டும் நீட்டு. எடது கால நாற்காலிக்கு அடியில இஸ்து வச்சுக்கோ. வேட்டிய கீழ வரைக்கும் வுட்டுக்கோ. இன்னா?"

"இன்னா இன்னா? செரின்னேன்ல."

வலது காலை வாளியில் வைத்து அவள் தேய்த்தாள். "எம்மா, இது காலும்மா, வூட்டு வாசல் இல்ல. இந்தத் தேய் தேய்க்கிற" என்றார். நகங்களை ஒவ்வொன்றாக வெட்டி ஓரங்களை உடைந்த ஓட்டுத்துண்டால் தேய்த்து மழுங்கவைத்தாள். பிறகு இடது காலுக்குப் புதுத் துணி கட்டி, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதற்கு மேல் சாம்பல் நிறச் சாக்ஸ் மாட்டினாள். பவுடர் டப்பாவில் பாதியைக் கொட்டினாள். கிட்டே முகர்ந்து பார்த்தாள். பவுடரையும் மீறி வாடை வந்தது. சரசு சாம்பிராணி போடுவதாகச் சொன்னாள். சமையல் செய்கிறவள், இந்துக்காரி. இவர்கள் ஜெபத்தில் சாம்பிராணி கிடையாது என்று தபீதாள் சொன்னதும் சரசு சூடத்தை நுணுக்கிக் கொடுத்தாள்.

ஆறு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சுவரில் நீலப் பெயிண்டில் "அன்பே எங்கள் ஊழியம்" என்று எழுதியிருந்தது. ட்ரஸ்ட்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பன்னிரண்டு நாற்காலிகள் சுவரோரம். ஒன்பதாவதில் சவுரிமுத்து.

போதகர் ஞானசிகாமணி நல்ல மனிதர். ஆஸ்பத்திரிகளில் பல வருடம் ஜெப ஊழியம் செய்தவர். அன்று சுருக்கமாகத்தான் பேசினார். அன்பு என்பது வாயில் இல்லை, கையில் இருக்கிறது. கை அழுக்காகாதவனுக்கு அன்பு தெரியாது என்றார். பிறகு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டார். தபீதாள் சொம்போடு அவர் பின்னால் நகர்ந்தாள். தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. ஒவ்வொருவருக்கும் ஒரு புதுத் துண்டு, ஓரத்தில் சிலுவை தைத்தது.

எட்டுப் பேர் முடிந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஒன்பதாவது ஆளின் வலது காலை அவர் உள்ளங்கையில் ஏந்தினார். தபீதாள் ஊற்றினாள். அவர் கழுவினார், துடைத்தார். போட்டோக்காரர் குனிந்து கிட்டே வந்து எடுத்தார். முடிந்தது என்று தபீதாள் பத்தாவது நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

போதகர் எழுந்திருக்கவில்லை. தலையை லேசாகத் திருப்பி முகர்ந்தார். அந்த வாடை அவருக்குப் பழக்கமானது. நாற்காலிக்கு அடியில் பார்த்தார். சாக்ஸின் ஓரம் ஈரமாக இருந்தது.

"பெரியவரே, அந்தக் காலையும் கொடுங்க."

"வேணாம் சாமி. ஒண்ணு போதும்."

"கொடுங்கப்பா. நான்தானே கேக்குறேன்."

சவுரிமுத்து தபீதாளைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையாட்டி வேண்டாம் என்றாள். அவர் திரும்பிப் போதகரைப் பார்த்தார். போதகர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். சவுரிமுத்து இடது காலை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

சாக்ஸ் கழன்றது. பை கழன்றது. துணி கழன்றபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். போதகர் முகம் சுளிக்கவில்லை. "தண்ணி" என்றார். தபீதாள் ஊற்றினாள். அவர் அந்தக் காலையும் கழுவினார், விரல் இடுக்குகளில்கூட. துண்டால் ஒற்றி எடுத்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. பிறகு தொட்டியை மாற்றச் சொல்லிவிட்டு மீதி மூன்று பேரின் வலது கால்களைக் கழுவினார்.

ஆராதனை முடிந்ததும் ஜான்சியைக் கூப்பிட்டார். "அம்மா, பெரியவரைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. தாமதிக்க வேண்டாம்."

ஏழரைக்குக் கூடுவாஞ்சேரியில் அவருக்கு இன்னொரு ஆராதனை இருந்தது. தபீதாள் கார் வரைக்கும் ஓடினாள்.

"ஐயா, திரும்ப இங்கயே சேத்துக்கச் சொல்லுங்க ஐயா. அவருக்கு யாருமில்ல."

"ஜான்சி அம்மா நல்லவங்கம்மா. அன்பா பேசு, கேப்பாங்க. நானும் ஜெபிக்கிறேன்." அவள் தலைமேல் கை வைத்தார். கார் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் திரும்பியது.

ஜான்சி அலுவலக அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளா?"

"சாம்பல் புதன்லேர்ந்து மேடம்."

"நாப்பது நாளா? அன்னிக்கே ஒரு டாக்டர் பாத்திருந்தா விரல் கறுத்திருக்குமா? நீ அவருக்கு நல்லதா பண்ணே?"

"சொல்லியிருந்தா பொன்னுரங்கம் போன எடத்துக்கு அனுப்பிச்சிருப்பீங்க மேடம்."

"அது நான் போட்ட ரூலா? லைசென்ஸே அப்படித்தான் கொடுத்திருக்காங்க. ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வந்தா முப்பத்தோரு பேரும் ரோட்ல. அவங்களை யார் பாப்பா, நீயா?" ஜான்சி மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு ஆட்டோவுல கூட போ. சேத்துட்டு உடனே வந்துடு. மூணு மணி தியானத்துக்கு எல்லாரையும் குளிப்பாட்டணும். அந்தப் புண்ணைத் துடைச்ச துண்டை மட்டும் எரிச்சிடு."

மறுநாள் பெரிய வெள்ளி, விடுமுறை. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு இளம் டாக்டர் இருந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும், திங்கட்கிழமை பெரிய டாக்டர்தான் முடிவு செய்வார் என்றார். கட்டில் காலி இல்லை. வார்டு வாசலில், தாழ்வாரத்தில் பாய் போட இடம் காட்டினார்கள்.

நர்ஸ் நோட்டைத் திறந்தாள். "கூட யாரு?"

"நான் ஹோம்லேர்ந்து வர்றேன்."

"ஹோமெல்லாம் எழுத முடியாதும்மா. கூட ஆள் இருந்தாத்தான் அட்மிஷன். இவர ஒண்ணுக்கு யாரு கூட்டினு போவாங்க, நானா? போன தடவையும் உங்க ஆளுங்கதான் ஒரு பெரிசை வுட்டுட்டுப் போய்ட்டாங்க."

தபீதாள் கட்டடத்துக்கு வெளியே வந்து ஜான்சிக்குப் போன் செய்தாள். பின்னணியில் பாட்டுச் சத்தம் கேட்டது.

"மேடம், கூட இருந்தாத்தான் சேத்துப்பாங்களாம். திங்கட்கிழமை வரைக்கும் லீவு குடுங்க."

"தபீதா, குமரேசன் தாத்தாவுக்குப் படுக்கையிலயே வயித்தால போயிடுச்சு. சரசு சமையலை விட்டுட்டுக் கழுவிட்டு இருக்கா. நீ வரலன்னா நான் வேற ஆளைத்தான் வைக்கணும். கோவத்துல சொல்லல. என்னால முடியலம்மா."

"புரியுது மேடம்."

"வர்றியா?"

தபீதாள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். சவுரிமுத்து சுவரில் சாய்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். நடந்து போகிறவர்கள் அவர் காலைத் தாண்டிப் போனார்கள்.

"வேற ஆள வச்சுக்கோங்க மேடம்."

உள்ளே போய் நோட்டில் பெயர் எழுதினாள். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா, நீ கெளம்பல?" என்றார் சவுரிமுத்து.

"கெளம்புறேன், கெளம்புறேன். நீ ஏன் நைனா அந்தக் கால நீட்டுன? தலையாட்டுனேன்ல?"

அவர் தாடியைச் சொறிந்தார். "அந்த ஆளு அப்டி கேட்டப்போ இல்லன்னு சொல்ல வாய் வரலம்மா. பேஜாரு பண்ணிட்டேன்."

மத்தியானம் போன் அதிர்ந்தது. இல்லத்தின் வாட்ஸப் குழுவில் வந்த படத்தைச் சரசு அனுப்பியிருந்தாள். போதகர் முழங்காலிட்டு, தலை குனிந்து ஒரு காலை ஏந்தியிருந்தார். கீழே பெரிய எழுத்தில் "அன்பே எங்கள் ஊழியம்". சவுரிமுத்துவைக் கணுக்காலுக்கு மேலே படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் சொம்பின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

"குடு, குடு. நான் நல்லா வுழுந்துகிறனா?"

போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். தன் வலது காலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது என் காலுதான்" என்றார். "நகம் நல்லா வெட்டிக்கிற."

இடது காலின் கட்டில் ஈ உட்கார ஆரம்பித்திருந்தது. விசிற ஏதாவது இருக்கிறதா என்று தபீதாள் பையில் துழாவினாள். எரிக்கச் சொன்ன துண்டு இருந்தது, அவள் கொதிக்கவைத்துக் காயப்போட்டது. அதை மடித்து அவர் குதிகாலுக்குக் கீழே கொடுத்தாள். அடியில் ஜான்சி கொடுத்தனுப்பிய தாள் இருந்தது. மேற்படி நபருக்கு இன்று முதல் இல்லம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல என்று டைப் அடித்து, முத்திரை குத்தியிருந்தது. நல்ல மொத்தமான தாள். அவள் அதை இரண்டாக மடித்து விசிற ஆரம்பித்தாள்.