பக்கத்து சீட்

கார் வாங்குவது என்று முடிவானதும் ஜஹ்ரா மைலேஜ் கேட்கவில்லை, கம்பெனி கேட்கவில்லை. வெளியே வெள்ளை, உள்ளே சந்தன நிற சீட், அவ்வளவுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள்.

ரியாத்தில் இருந்த அவள் புருஷன் நவாஸுக்கோ வெள்ளை என்றாலே ஆகாது. பதினொரு வருஷமாக அங்கே ஓர் அரபி வீட்டு டிரைவர். அடுத்த மாதம் விசா முடித்துக் காயல்பட்டினத்துக்கே வந்துவிடப் போகிறான். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்.

"செவப்பு எடு ஜஹ்ரா. உள்ள கறுப்பு சீட்டு. வெள்ளையத் தொடச்சுத் தொடச்சுக் கண்ணு பூத்துப்போச்சு எனக்கு."

அவன் காரணத்தைச் சொல்லிவிட்டான். அவள்தான் சொல்லவில்லை. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்ன? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் லீவை விட்டால், அவள் புருஷனைப் பார்த்ததெல்லாம் அந்த அரபியின் வெள்ளைக் காருக்குள்தான். முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூட வாசலில் காத்துக் கிடக்கிற நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவான். தலைக்குப் பின்னால் எப்போதும் அந்தச் சந்தன நிற சீட். மகள் பாஹிமா பிறந்த செய்தியைக் கேட்டது அதில் சாய்ந்துதான். தன் வாப்பா மவுத்தானபோது அழுததும் அதில்தான். போனுக்குள் தெரியாத அந்தப் பக்கத்து சீட்டில் ஒரே ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஜஹ்ரா ஏங்கிக் கிடந்தாள். அந்த ஏக்கத்துக்குத்தான் வெள்ளைக் கார்.

தூத்துக்குடி ஷோரூமில் விஜிலா என்ற பெண் முன்கதவைத் திறந்துவிட்டாள். ஜஹ்ரா இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து, நவாஸைக் கூப்பிட்டு, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தாள். அவனும் காருக்குள்தான் இருந்தான்.

"காரக் காட்டுன்னா ஒன் மூஞ்சியக் காட்டிக்கிட்டு இருக்க," என்றான்.

"இதுதான் மச்சான் எனக்குப் பிடிச்சிருக்கு."

"சரி. ஒனக்குப் பிடிச்சத எடு."

சொன்னபடி அடுத்த மாதம் வந்து இறங்கினான். மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்ததும், மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் தெருமுனையில் நின்ற காருக்குப் போனார்கள். நவாஸ் நேரே இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். அரபு நாட்டில் ஸ்டியரிங் அந்தப் பக்கம்.

"ஸ்டியரிங்க யாரு கழட்டுனா?" என்றான். ஜஹ்ராவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அவனும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். இறங்கிய கையோடு பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அவள் ஏறுவதற்காக நின்றான்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுபோனது. பதினொரு வருஷப் பழக்கத்தில் கை தானாகச் செய்த காரியம். கதவை விடுவதா பிடிப்பதா என்று தெரியாமல் அவன் முகம் சுருங்கிவிட்டது. எந்தக் காரை விட்டு ஓடி வந்தானோ அதையே தேடிப்பிடித்து அவன் முன்னால் நிறுத்தியிருக்கிறோமே என்று ஜஹ்ராவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"செவப்பே எடுத்திருக்கணும்," என்றாள்.

"விடு."

அவள் பின்கதவைத் தானே சாத்திவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் சுற்றி வந்து அமர்ந்தான். போனில் பார்த்த அதே சாய்வு, இப்போது கைக்கு எட்டும் தூரத்தில். கண்ணாடியைச் சரிசெய்து, அதில் தெரிந்த காலிப் பின்சீட்டைப் பார்த்து, "எங்க போவணும்?" என்று கேட்டான்.

"நீங்க சொல்லுங்க மச்சான்."

வண்டிக்குள் வைத்து அவனிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண்ணாடியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"தெரியலையே ஜஹ்ரா."

"தெரியுற வரைக்கும் இப்படியே இருப்போம்," என்று அவள் சீட்டில் சாய்ந்துகொண்டாள்.