வால்வுமேன் இல்லாத ஊர்

ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. குழாய் கீழே. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். வந்தால் முக்கால் மணி நேரம். பீன்யா தொழிற்பேட்டையில் முப்பத்தாறு வருடம் லேத்து ஓட்டியும் தேயாத என் முழங்கால், ரிட்டையர் ஆன பிறகு குடம் தூக்கியதில் தேய்ந்து, உயரத்தில் ஓர் அங்குலம் குறைந்துவிட்டேன். பேன்ட்டை எல்லாம் மடித்துத் தைத்திருக்கிறோம்.

ஆகவே, கனகபுரத்துக்கு அப்பால் காட்டோரக் கிராமத்தில் தான் வாங்கிப் போட்ட ஓட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மருமகன் பரத் சொன்னதும், நான்தான் அந்த ஆள் என்றேன். பஸ் கிடையாது. கரண்டுக் கம்பி கிடையாது. கூரையில் ஒரு சோலார் தகடு. அது ஒரு பல்பை எரிக்கும், அல்லது போனுக்குச் சார்ஜ் ஏற்றும். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் கோபித்துக்கொள்ளும். ஆனால் மலை ஊற்றிலிருந்து ஒரு கருப்பு ஹோஸ் வாசல் வரைக்கும் வந்து, ராப்பகலாகக் கொட்டுகிறது. ஏறுவதற்குப் படியே இல்லை. எனக்கு வேறென்ன வேண்டும்?

என் மனைவி சொர்ணம் ஒரு வாரம் பார்க்கிறேன் என்றாள். "புடிக்கலன்னா திங்கக்கிழமை சந்தை ஜீப்புல ஏறிடுவேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

முதல் நாள் விடிகாலை ஹோஸ் 'களக்' என்று ஒரு சத்தம் போட்டது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமுன் கேட்கும் அதே சத்தம். ஊறிப்போன பழக்கம். குடம், அண்டா, குக்கர், வாணலி, டிபன் கேரியரின் நான்கு அடுக்கு, இட்லித் தட்டின் குழிகள், கடைசியாகப் பூஜை மணியை மல்லாத்திப் பிடித்து அதிலும் அரை ஆழாக்கு. நிரப்பி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது.

பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு எல்லம்மா, கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றாள். பாலுக்கு ஒரு பாத்திரம் கேட்டாள். இல்லை.

"இன்னாத்துக்குண்ணா இவ்ளோ புடிச்சி வெச்சிக்கிறீங்க?"

"நின்னுட்டா?"

"இது நில்லாதுண்ணா. எங்க தாத்தா காலத்துலருந்து நில்லல."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. இங்க வால்வுமேன் யாரு?"

தெருக் குழாய்க்கு வால்வு திறந்துவிடுகிறவரைப் பகைத்துக்கொண்டு, தீபாவளி இனாம் தராமல், எங்கள் பக்கத்தில் யாரும் குளித்ததில்லை. எல்லம்மா நன்றாக யோசித்துவிட்டு, அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றாள். அவள் போனதும் சொர்ணத்தின் முகம் சுண்டிவிட்டது.

"ஆளே இல்லாம தண்ணி வருதாம். நாளைக்கி நின்னா யாராண்ட போயி சண்ட போடறது? இந்த ஊரு ஒத்துவராதுய்யா."

அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. வேறு குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாதென்று நானே பெருக்கினேன், துவைத்தேன், விறகு பிளந்தேன். அடுப்பு ஊதி ஊதி என் மூச்சுக்கு வந்த பலத்தில் ஒருநாள் எல்லம்மா வீட்டு அடுப்பும் சேர்ந்து பற்றிக்கொண்டது. என்ன செய்து என்ன, சனிக்கிழமை சாயங்காலம் சொர்ணம் புடவைகளைப் பையில் அடுக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹோஸ் நின்றது. ஊரில் எல்லா வீட்டுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர்.

ஹோஸைப் பிடித்தபடியே மலை ஏறினேன். ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு யானை நின்றிருந்தது. முன்னங்கால் ஹோஸின் மேல். பெரிய ஆபீசர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நமஸ்காரா சார், மனேலி நீரில்லா சார்" என்று, வீட்டில் தண்ணீர் இல்லாததைக் கன்னடத்தில் சொன்னேன். நாளைக்கு வா என்பதுபோல் காதை ஆட்டியது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டால் எந்த ஆபீசருக்கும் சங்கடம்தான். அரை மணி கழித்து, பெருமூச்சு விட்டுக் காலைத் தூக்கியது.

தண்ணீருக்கு முன்னே நான் இறங்கி வந்தால், எங்கள் வாசலில் ஊரே குடத்தோடு நிற்கிறது. ஒரு சொம்பு தண்ணீர்கூடச் சேர்த்து வைத்துப் பழகாத ஊர். அண்டாவுக்குப் பக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு சொர்ணம்.

"ஒரு வூட்டுக்கு ஒரு கொடந்தான். ஏ எல்லம்மா, நடுவுல பூராதே, லைன்ல வா."

அவளை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. கூட்டம் கலைந்த பிறகு கேட்டாள்:

"யாருய்யா நிறுத்தனது?"

"யானை."

"மறுபடியும் நிறுத்துமா?"

"அவர் இஷ்டம்."

செருகியிருந்த முந்தானையை உதறிவிட்டாள். "தீவாளிக்கி ஒரு வாழத்தாரு குடுத்துடணும். இல்லன்னா மதிக்காது."

மறுநாள் சந்தை ஜீப் வந்து நின்றது. சொர்ணம் வெறுங்கையோடு போய் டிரைவர் பக்கம் குனிந்தாள்.

"சந்தையில பெரிய ட்ரம்மு கெடைக்குமில்ல? ரெண்டு வாங்கியா. மூடி இருக்கணும்."